பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார்

"டாக்டர் பவித்ரா."

டைரக்டர் சார் அட்டெண்டன்சிலிருந்து தலையைத் தூக்காமலே இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"டாக்டர் பவித்ரா."

பவித்ரா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்குக் காரியமெல்லாம் முடிந்து, முந்தின நாள்தான் ஊரிலிருந்து அகாடமிக்குத் திரும்பியிருந்தாள். வெள்ளைக் கோட்டை மாட்டி, பட்டனெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தாள். தை மாதத்துக் குளிர் சிமெண்டுத் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே வயலில் மருந்தடிக்கிற மோட்டார் சத்தம். நான் முழங்கையால் அவளை இடித்தேன்.

எழுந்து நின்றாள்.

"சார், இனிமே என்னைய டாக்டர்னு கூப்பிடாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். எங்கள் அகாடமியில் ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதை யாராவது வாயைத் திறந்து கேட்டு வாங்குவார்களா?

வெளியாட்களுக்கு இது புரியாது. சென்ற வாரம் இந்தத் தொடரில் அகாடமியின் தண்ணிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "படிக்கப் போன இடத்தில் சோற்றைப் பற்றியே எழுதுகிறாயே அம்மா" என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். சரி, இந்த வாரம் படிப்பைப் பற்றியே எழுதுகிறேன். முடித்ததும் சாம்பாரே தேவலை என்று சொல்லக்கூடாது.

மணமகள் அறை

பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, மார்க் போதாமல், இன்னொரு வருஷம் அதற்காகவே தங்கிப் படிக்கிறவர்களின் இடம் அது. ரிப்பீட்டர்கள் என்று எங்களுக்குப் பெயர். சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகிற ரோட்டில், வயல்களுக்கு நடுவே இருந்தது. வெளியூர்களில் இருக்கும் பெரிய பெரிய கோச்சிங் இடங்களுக்குப் போக வழியில்லாதவர்கள் இங்கே வந்து சேர்ந்தோம். மொத்தமே ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய கூட்டம்தான்.

கட்டடம் அதற்கு முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. மெயின் ரோட்டில் ஏசி மண்டபம் ஒன்று வந்ததும் இதற்கு முகூர்த்தம் குறைந்துபோய், டைரக்டர் சார் வாடகைக்கு எடுத்திருந்தார். மணமேடையில் நின்றுதான் பிசிக்ஸ் சார் பாடம் நடத்துவார். அவர் தலைக்கு மேலே தெர்மாகோலில் வெட்டிய இரண்டு கைகள் கும்பிட்டபடி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தன. பந்தியில் போடுகிற ஒல்லி மேஜைகள்தான் எங்களுக்குப் படிக்கும் மேஜை. சுவரோரம் வரிசையாகக் கைகழுவும் குழாய்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்கும்போது எவளுக்காவது குமட்டினால் வசதியாக இருக்கட்டும் என்று வைத்ததுபோல.

என் அத்தை மகளின் கல்யாணம் இதே மண்டபத்தில்தான் நடந்தது. அப்போது நான் சின்னப் பிள்ளை. பாயசம் இலையில் ஓடி மடியில் வழிந்ததும், அம்மா முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டதும், மேடையில் அத்தை மகள் தூக்கம் தாங்காமல் மாலையோடு ஆடிக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அவள் ஆடிய இடத்தில் நின்றுகொண்டுதான் பிற்பாடு பிசிக்ஸ் சார் எங்களைத் தூங்காதே என்று திட்டினார்.

பெண்களுக்கு விடுதி எது என்று நினைக்கிறீர்கள்? மணமகள் அறை. கதவுக்கு மேலே இருந்த பலகையைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. படிக்கிற பிள்ளைகள் அழகு பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று அதன்மேல் செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து தாள் உரிந்த இடங்களில் மட்டும் ஒரு கண், கொஞ்சம் கன்னம் என்று தெரியும். போகப்போக அதைப் பார்க்கும் ஆசையும் விட்டுப்போயிற்று.

காலையில் குளித்துவிட்டு மேடைக்கு முன்னால் உட்கார்ந்தால், படுக்கப் போகும்வரை கேள்விதான். நாலு விடை, அதில் ஒன்று சரி. வட்டத்தைக் கறுப்பாக்கு, அடுத்ததற்குப் போ. புத்தி அப்படியே பழகிவிடும். தட்டில் உப்புமா விழுந்தால்கூட இது ரவையா, கோதுமையா, சேமியாவா, இவற்றில் எதுவுமில்லையா என்று மனசு ஓடும். ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் வீட்டோடு கொஞ்ச நேரம் பேசலாம், அதுவும் ஸ்பீக்கரில். எல்லாரும் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்வோம். அழுதால் வார்டன் போனை வாங்கிவிடுவார்.

வெளியே நல்ல காற்று அடித்தது. மலை தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் ஜன்னல்வரை கேட்டது. அது எதுவும் எங்களுக்கு இல்லை என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். அந்த வருஷம் முழுக்க ஒருத்தியும் வாய்க்கால்வரை நடந்து போனதாக எனக்கு நினைவில்லை.

கோட்டும் ஆணியும்

டைரக்டர் சார் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது.

அவருக்கு ஒரு நம்பிக்கை. மனசு முதலில் டாக்டர் ஆகிவிட்டால் மார்க் தானாகப் பின்னால் வரும் என்பார். அதனால் சேர்ந்த அன்றைக்கே ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு. பாக்கெட்டுக்கு மேலே நீல நூலில் "டாக்டர்" என்று போட்டு நம் பெயர். அதைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டு ஒரு போட்டோ. ஸ்டெதஸ்கோப் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது வரிசையில் ஒரு கழுத்திலிருந்து அடுத்த கழுத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். படத்தை ஃபிரேம் போட்டுப் பெற்றோர் கையில் கொடுப்பார். ஆண்டிபட்டியில் விசைத்தறி ஓட்டுகிற என் அப்பா, அந்தப் படத்தைத் துண்டால் மூடி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோனார். கொடுக்கும்போது சார் கண்ணில் தண்ணீர் வந்ததையும் பார்த்தேன். நடிப்பு இல்லை.

அதற்கப்புறம் எல்லாரும் டாக்டர்தான். "டாக்டர், தட்டைக் கழுவி வைக்கிறதில்லையா?" "டாக்டர், பாத்ரூமில் என்ன இவ்வளவு நேரம்?" சமையல்காரம்மா மட்டும் கொஞ்சம் இழுத்து, "டாக்டரு, சட்னி தீந்துபோச்சு, பொடி போட்டுக்க" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். அதில் கட்-ஆஃபுக்குக் கீழே போனவர்கள் திங்கட்கிழமை காலையில் மேடையேறி, கோட்டைக் கழற்றி, பின்சுவரில் அலங்காரம் கட்ட அடித்திருந்த ஆணியில் மாட்ட வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர்களுக்கு டாக்டர் பட்டம் இல்லை, வெறும் பெயர்தான். வாத்தியார்கள், வார்டன், சமையல்காரம்மா, கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். மறந்துபோய் டாக்டர் என்று கூப்பிட்டால் கூப்பிட்டவளுக்கும் சேர்த்து வசவு விழும்.

என் கோட்டு என்னோடு இருந்த வாரங்களைவிட ஆணியோடு இருந்த வாரங்கள்தான் அதிகம். "நாகஜோதி" என்று யார் கூப்பிட்டாலும் எனக்கு உடம்பு கூசும். ஆசை ஆசையாக வைத்த பெயர் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா "ஜோதி" என்று ஆரம்பித்ததுமே, "பேரச் சொல்லாதம்மா" என்று கத்திவிட்டேன். "ஏன் ஆத்தா, என்ன ஆச்சு, ஏன் ஆத்தா" என்று அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் வரிசையில் நின்ற எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசிராஜன் மகள்

பவித்ராவின் கோட்டு ஒரு வாரம்கூட ஆணியைப் பார்த்ததில்லை. பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணை மூடினால் அந்தப் பக்கம் அப்படியே தெரிகிறது என்பாள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் விட்டுவிட்டு இருக்க முடியாது, எனக்குப் புரியாததையெல்லாம் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அதிகம் சிரிக்கமாட்டாள். அவள் அப்பா வந்தால் மட்டும் சிரிப்பாள்.

அப்பா பெயர் காசிராஜன். காமயகவுண்டன்பட்டியில் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் முடிகிற நேரத்துக்கு மொபெட்டில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே விடமாட்டார்கள். கேட்டின் கம்பி வழியாகப் பன்னீர் திராட்சையைக் கொத்துக் கொத்தாக நீட்டுவார். தன் மகளுக்கு மட்டுமில்லை, எங்கள் எல்லாருக்கும்.

"டாக்டரம்மாகளா, நல்லாக் கழுவிட்டுத் தின்னுங்க. மருந்தடிச்ச பழம். அப்புறம் ஒங்களுக்கே வைத்தியம் பாக்க வேண்டியதாப் போகும்."

பிறகு மகளிடம் நாக்கை நீட்டிக் காட்டுவார். "எப்படி இருக்கு டாக்டரு? இன்னும் எத்தன வருசம் தாங்கும்?"

"நூறு வருசம் தாங்கும். போங்கப்பா, வார்டன் பாக்குறாக."

கோட்டு போட்ட நாளிலிருந்து அவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. விளையாட்டாக ஆரம்பித்தது. தெருவில் எல்லாரும் அவரோடு சேர்ந்து அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த போட்டோவைப் பார்த்தவர்களுக்கு, அவள் டாக்டருக்குப் படிக்கப் போவதற்கான பரிட்சைக்குத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எப்படித் தெரியும்? ஸ்டெதஸ்கோப் இருந்தது, கோட்டு இருந்தது, பெயருக்கு முன்னால் பட்டமும் இருந்தது.

மாட்டுப் பொங்கல்

இனி வருவது நான் நேரில் பார்த்தது இல்லை. ஊரிலிருந்து திரும்பிய சாயங்காலம் குழாயடியில் துணி அலசிக்கொண்டே பவித்ரா சொன்னது. கொஞ்சம் அவள் அம்மா பிற்பாடு சொன்னது.

பொங்கலுக்கு எங்களைக் கோட்டோடுதான் அனுப்பினார்கள். ஊர் பார்க்கட்டும் என்றார் சார். அடுத்த வருஷம் பிள்ளைகள் சேரவேண்டுமே. பவித்ரா பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் வைத்தியம் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு பெரியவருக்கு முழங்கால் வலி. ஒரு கைக்குழந்தைக்கு முதுகெல்லாம் பொரிப் பொரியாக இருந்தது.

"நான் இன்னும் பரிட்சையே பாஸ் பண்ணல" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

காசிராஜன் விடவில்லை. "அப்படித்தான் சொல்லும். பெரிய டாக்டருக யாரும் தன்னப் பத்திப் பீத்திக்க மாட்டாக. நீ பாத்துச் சொல்லு ஆத்தா, நம்ம சனந்தானே."

சொன்னாள். முழங்காலுக்குக் கால்சியம் குறைச்சல் என்றாள், குழந்தைக்கு அலர்ஜி என்றாள். எல்லாம் புத்தகத்தில் எங்கேயோ இருக்கிற வார்த்தைகள். கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"மொதல்ல கூச்சமாத்தான் இருந்துச்சு ஜோதி. அப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் என்னிடம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் வீட்டில் கறிச்சோறு. சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. சாப்பிட்டு எழுந்த காசிராஜன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். பனிக்காலத்தில் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. இடது தோளில் யாரோ குத்துவது மாதிரி இருக்கிறது என்றார்.

சித்தப்பா உடனே எழுந்துவிட்டார். "அண்ணே, வண்டிய எடுக்குறேன். கம்பத்துல போயிக் காட்டிட்டு வந்துருவோம்."

"ஏலே, கூறு கெட்டவனே. வீட்டுக்குள்ள டாக்டர வச்சுக்கிட்டு எவனாவது வெளியூரு ஆஸ்பத்திரிக்குப் போவானா? ஆத்தா டாக்டரு, இங்கன வா. நீ பாத்துச் சொல்லு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் போய் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி விரலுக்கு அகப்பட்டதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது. தெரியாது என்று சொல்லலாம் என்பது ஒரு விடையாக அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு அது பழக்கத்தில் இல்லை, ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கியே தீரவேண்டும்.

"கறிச்சோறு சாப்பிட்டீகல்ல, அசிடிட்டிதான்ப்பா. சோடா குடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் படுங்க."

"பாத்தியாடா தம்பி" என்று சிரித்திருக்கிறார் காசிராஜன். சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள். குடித்தார், படுத்தார். அம்மா காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போய் எழுப்பியபோது அவர் இல்லை.

வீட்டில் ஒருத்தரும் அவளைக் குறை சொல்லவில்லை. அண்ணனுக்கு நேரம் முடிந்துபோயிற்று என்றார் சித்தப்பா. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்: "கடைசியில மக கையால வைத்தியம் பாத்துக்கிட்டு, சிரிச்ச மொகமாப் போனாக. அந்தக் குடுப்பின யாருக்கு வரும்?"

பவித்ரா துணியை அலசுவதை நிறுத்திவிட்டாள். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒருத்தராவது என்னைய வைஞ்சிருக்கலாம் ஜோதி."

அவள் கையிலிருந்த துப்பட்டாவின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தேன். அப்போது எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுபடி அந்தக் காலை

ஆக, மறுநாள் காலையில் எழுந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னவளுக்கு ஒரு காரணம் இருந்தது. டைரக்டர் சாருக்கு அந்தக் காரணம் தெரியாது. அப்பா இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் தெரியும்.

அவர் மேடையை விட்டு இறங்கி வந்து அவள் தலையில் கையை வைத்தார்.

"இப்பத்தான்மா நீ இந்தப் பேர விடக்கூடாது. அப்பா உன்ன எப்படிக் கூப்பிட்டாரு?"

அவள் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"டாக்டர்னு."

"அவ்வளவுதான. அவரு கூப்பிட்ட பேர நாங்க எப்படி விடுறது?" எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எந்திரிங்க. டாக்டர் பவித்ரா அப்பாவோட கனவ நாமெல்லாம் சேந்து நிறைவேத்துவோம். கை தட்டுங்க."

மண்டபமே அதிர்ந்தது. கெட்டிமேளத்துக்கு என்று கட்டிய கூரை, சத்தத்தை நன்றாகவே திருப்பிக் கொடுத்தது. பவித்ராவின் மூஞ்சியில் ஈயாடவில்லை. உட்கார்ந்தாள். கோட்டின் கடைசிப் பட்டனைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்டில் அவள் எல்லாருக்கும் கீழே போனாள். தப்பான விடைக்கு மார்க்கைக் குறைப்பார்கள் அல்லவா, அதனால் சைபருக்கும் கீழே. திங்கட்கிழமை மேடையேறி, கோட்டைக் கழற்றி, என் கோட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

"பவித்ரா" என்று படித்தார் சார்.

"பிரசண்ட் சார்."

இவ்வளவு தெளிவான குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. துக்கத்தில் படிப்பு மறந்துபோயிற்று, சரியாகிவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே ஆனது. அதற்கடுத்த வாரமும்.

எல்லாம் தப்பு

பயாலஜி எடுத்த ஷீபா மிஸ் குமுளிப் பக்கத்திலிருந்து வருகிறவர். பாதி மலையாளம் கலந்துதான் தமிழ் பேசுவார். ஒரு நாள் மத்தியானம் எங்கள் இரண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கையில் பவித்ராவின் விடைத்தாள்.

"நாகஜோதி, நீ கண்ணை மூடிட்டு வட்டம் போட்டாலும் நாலுல ஒண்ணு தன்னால சரியா வரும். வருமோ, வராதோ?"

"வரும் மிஸ்."

"இந்தக் குட்டிக்கு ஒண்ணுகூட வரல்ல. இந்த வாரமும் இல்ல, போன வாரமும் இல்ல. அதுக்கு என்ன அர்த்தம், சொல்லு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒன்றுகூடச் சரியாக வராமல் போடவேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தொடாமல் பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அகாடமியில் யாரும் எடுக்காத முழு மார்க்கைத்தான் அவள் வாராவாரம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மோளே?" என்றார் மிஸ்.

"இங்கன பேர் சொல்லிக் கூப்பிட வைக்க வேற வழி இல்லையே மிஸ்."

மிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அறைக்குப் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஒரு மார்க்குக்கு நாய் படாத பாடு படுறேன். நீ தெரிஞ்ச விடையத் தூக்கித் தெருவுல எறியுற. திமிருடி ஒனக்கு" என்றேன். சில நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் செய்ததும் நியாயம்தான். இரண்டையும் ஒன்றாக எங்கே வைப்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

விஷயம் டைரக்டர் சாருக்குப் போனது. அவர் பவித்ராவின் அம்மாவை வரவழைத்தார். மேடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"அவுக படத்துக்குப் பக்கத்துல ஒன் கோட்டுப் படத்தத்தான் மாட்டி வச்சிருக்கேன். ரெண்டையும் பாத்துக்கிட்டுத்தான் உசுரோட கெடக்கேன். பரிட்சைய மட்டும் எழுதிரு ஆத்தா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எழுதுறேம்மா" என்றாள் பவித்ரா.

சார் இரக்கப்பட்டார். இரக்கப்பட்டு ஒரு சலுகை கொடுத்தார். எவ்வளவு மார்க் குறைந்தாலும் இனி பவித்ரா கோட்டைக் கழற்ற வேண்டியதில்லை, அவள் எப்போதும் டாக்டர்தான் என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார். அத்தோடு அவளுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் சரியாக எழுத ஆரம்பித்தாள். பழையபடி முதல் மார்க். "டாக்டர் பவித்ரா" என்றதும் எழுந்து "பிரசண்ட்" சொன்னாள். சாருக்குச் சந்தோஷம். எனக்கும் நிம்மதியாக இருந்தது, மறுபடி பேச ஆரம்பித்தேன். ஷீபா மிஸ் மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கேட்க வந்ததுபோல நிற்பார், கேட்காமல் போய்விடுவார்.

பரிட்சை தேனியில். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் தோட்டையும் கொலுசையும் கழற்றச் சொன்னார்கள். துப்பட்டாவை உதறிப் பார்த்தார்கள். நான் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். பவித்ரா சந்தைக்குப் போகிறவள்போலப் போனாள். வெளியே வந்தபோது அவள் அம்மா எலுமிச்சைச் சாறோடு காத்திருந்தார்.

"எப்படி ஆத்தா எழுதுன?"

"எல்லாத்தையும் எழுதிட்டேன்மா. ஒண்ணையும் விடல."

அம்மா அந்த ரோட்டிலேயே கிழக்கு நோக்கிக் கும்பிட்டார்.

பந்தலுக்குக் கீழே

ரிசல்ட் வந்தது. எனக்கு அந்த வருஷமும் எட்டவில்லை. அதன் பிறகு நான் லேப் டெக்னீஷியன் படித்து, இப்போது ஆண்டிபட்டியில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு இன்னொரு நாள் அழலாம். பவித்ராவின் மார்க்கைப் பார்த்ததும் டைரக்டர் சார் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்தார். சைபருக்கும் கீழே, எவ்வளவு கீழே போக முடியுமோ கிட்டத்தட்ட அவ்வளவு கீழே இருந்தது. அன்றைக்கு அவர் யாரையும் டாக்டர் என்று கூப்பிடவில்லை. யாரையுமே கூப்பிடவில்லை.

சில வாரம் கழித்து நான் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். அம்மா உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். சுவரில் காசிராஜன் படம் மட்டும் இருந்தது. பக்கத்தில் வெள்ளையாக ஒரு சதுரம்.

"எம் புள்ளைக்கு ஒண்ணுமே ஏறல ஆத்தா. அவுக போன கையோட மூளையும் மரத்துப்போச்சு. பாவம், எம்புட்டுப் படிச்சா. அவளும் என்ன செய்வா?" என்றார். "தெருவுல இப்பப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாக. எனக்குத்தான் வாயில வரமாட்டேங்குது."

நான் மோரைக் குடித்து முடித்தேன். அவருக்குத் தெரிந்த உண்மையாவது அவரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பவித்ரா தோட்டத்தில் இருந்தாள். பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்துதான் அவளிடம் போக வேண்டும். புதுக் கொடிகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வா என்று தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். நானும் கொஞ்சம் சணல் எடுத்துக்கொண்டு ஒரு கொடியைக் கட்டினேன். சரியாக வரவில்லை. அவள் அதை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

நான் கேட்டே விட்டேன். "எல்லாம் தெரிஞ்சேதான் தப்பாப் போட்டியா?"

"ம்."

"அம்மா பரிட்சைய எழுதிருன்னாக. இப்படியா எழுதுறது?"

"எழுதுறேன்னுதான சொன்னேன். பாஸ் பண்ணியிருந்தா, சாகுறவரைக்கும் அந்தப் பேர்லதான் கூப்பிடுவாக ஜோதி. ஒவ்வொரு தடவ கூப்பிடுறப்பவும் நான் எந்திரிச்சு நிக்கணும். என்னால ஆகாது."

"ஒண்ணுகூடவா சரியாப் போடல?"

பவித்ரா சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பந்தலுக்கு மேலே வெயில் இருந்தது, கீழே வரவில்லை.

"ஒண்ணு மட்டும் சரியாப் போட்டேன்."

"எது?"

"நெஞ்சு வலிக்குது, வேர்க்குது, இடது தோள்ல குத்துது. என்னன்னு கேட்டிருந்தாக. நாலுல ஒண்ணு அசிடிட்டின்னு குடுத்திருந்தாக."

அடுத்த கொடியை இழுத்துக் கம்பியில் வைத்தாள். கொடி நழுவி விழுந்தது.

"அத மட்டும் இன்னொரு தடவ தப்பாச் சொல்ல முடியல ஜோதி."